நுனிக்குப் போன தூது

பூஞ்சை வாயால் தின்பதில்லை. இழையின் நுனியிலிருந்து நொதியைக் கக்கி, மரத்தூளைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வும் நுனிக்கே போய் நிற்கிறது என்பது ஆய்வு மாணவியான அவள் கட்சி. அந்தத் தூதுக்குச் சாயமேற்றி, பச்சையாக ஒளிரவைத்து, வெள்ளிக்கிழமைக்குள் படம் காட்டாவிட்டால் ஆய்வை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவளுக்கு முன்னால் அங்கே போய்த் தோற்றவர்கூட இல்லை. தோற்றால் என்ன செய்வது என்று யாரைக் கேட்பாள்? நாங்க சுரண்டிக் கொட்டுற பூசணத்தை நீ தீனி போட்டு வளக்குறியா என்று அம்மா கேட்டதோடு சரி.

பதினொரு மாதமாகப் படத்தில் பச்சை ஒளி இழை நெடுகச் சிதறிக் கிடந்தது. நுனியில் ஒரு பொட்டுகூட இல்லை. பக்கத்து மேசைச் சீனியர் ஒவ்வொரு முறையும் உச்சுக்கொட்டுவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை, ஆத்திரத்தில், உயிரோடிருந்த பூஞ்சையையே நுண்ணோக்கியில் வைத்தாள். நுனி நகர்ந்துகொண்டிருந்தது. வழக்கப்படி குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவினாள். நுனி சட்டென்று நின்று, வீங்கியது. இன்னொரு தட்டிலும் அதேதான். படத்துக்காகப் பூஞ்சையைப் பார்மலின் ஊற்றி இருந்தபடியே நிலைப்படுத்துவதற்கு முன் மூன்று முறை சில்லென்று கழுவுவது அந்த ஆய்வுக்கூடத்தின் எழுதாத சட்டம். இத்தனை நாளும் அவள் படம் பிடித்தது வேலையைப் போட்டுவிட்டு ஓடிய பூஞ்சையை.

இனிமேல் கழுவப் போவதில்லை என்று சீனியரிடம் சொன்னாள். அப்புறம் அழுக்கோடவா படம் எடுப்ப என்று சிரித்தான்.

“சாப்பிடுறவன் தலையில பச்சத் தண்ணிய ஊத்திட்டு, ஏன்டா சாப்பிடலன்னு கேட்டா எப்படிண்ணா?”

பார்மலினைத் தட்டின் சூட்டுக்கே கொண்டுவந்து, வளர்ந்த இடத்திலேயே ஊற்றினாள். வெள்ளி காலை, இருட்டறையில், நுனிக்கு நுனி பச்சைப் புள்ளி. ஒப்பிட்டுப் பார்க்க மரத்தூளுக்குப் பதில் சர்க்கரையில் வளர்த்த தட்டில் மட்டும் ஒளியே இல்லை. அதுவும் சரிதான்; கையில் சாப்பாடு இருக்கும்போது எந்தப் பூஞ்சை மெனக்கெட்டு நொதி செய்யும்?

பேராசிரியர் படத்தை மூன்று முறை பார்த்தார். புதன்கிழமையிலிருந்து அவர் முகத்தில் வீசுவதற்கென்று அவள் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

“கழுவுற பழக்கத்தக் கொண்டுவந்ததே நான்தாம்மா,” என்றார் அவர். “நீ வேலையத் தொடர்ந்து பண்ணு.”

அந்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே கரைந்துபோயின. வெளியே வந்து, கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்தது. பக்கத்து மேசையில் சீனியர், கழுவிக் கழுவி எடுத்த தன் மூன்று வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அவளுக்குக் கோபம் வராத முதல் நாள் அது. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.