ஆறாவது வரிசை, மூன்றாவது தறி

குருவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் அக்கா வீட்டு மாடி அறைக்குள் வந்தாள், சுவரோரம் கிடந்த இரும்புக் கட்டிலைப் பார்த்தாள், விழுந்தாள். விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தவள் மாதிரி ஒரு கையை மட்டும் தூக்கி என்னிடம் பேசினாள். ஆள்காட்டி விரலை நிமிர்த்திப் பாதியில் மடக்கினால் ஒன்றரை. உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கினால் எழுப்பு. ஒன்றரைக்கு எழுப்பு. தூக்கிய கை திரும்பக் கட்டிலைத் தொடுவதற்குள் தூங்கிவிட்டாள். அப்போது காலை பத்தேகால்.

கையால் பேசுவது எங்களுக்கு இரண்டாவது மொழி இல்லை, முதல் மொழியே அதுதான். முந்நூறு தறிகள் ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது வாயால் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதனால் நூல் அறுந்தது, தண்ணீர் வேண்டும், மேற்பார்வையாளர் வருகிறார், உன் புருஷன் நேற்றும் குடித்தானா, எல்லாமே விரலில் வரும். ஒவ்வொருவருக்கும் கையால் போட்ட ஒரு பெயரும் உண்டு. என் மூக்கு கொஞ்சம் தாராளம், அதனால் நான் மூக்கி. மூக்கைக் கிள்ளிக் காட்டினால் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். அவள் நாலே முக்கால் அடி. தோள்பட்டையருகே இரண்டு விரலைப் படபடவென்று அடித்தால் குருவி. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் இருந்தன, அவ்வளவுதான்.

இருபத்து மூன்று வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றவர்களுக்கு இன்னொரு கோளாறும் வந்துவிடும். காது பாதிக்கு மேல் போய்விடுகிறதா, வாய் அதற்கு ஈடாகப் பெரிசாகிவிடும். நாங்கள் குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினால், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்ன சண்டை?" என்பார். இதற்கு முன் குருவி ஒளிந்திருந்த ரொட்டிக்கடைக் கிடங்கு போனதே இப்படித்தான். அவளும் எங்கள் சங்கத்துச் செயலாளரும் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மறுநாள் திட்டத்தை ரகசியமாகப் பேசினார்கள். முன்பக்கம் ரொட்டி வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றபடியே முழுத் திட்டத்தையும் கேட்டுவிட்டார்கள். அரை மணியில் போலீஸ். குருவி பின்வாசல் வழியாகத் தப்பினாள், செயலாளர் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே விதி: ஒளியும் இடத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அன்று வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாவது நாள். ஒரு ஆள் ஒரு தறி பார்த்த இடத்தில் இரண்டு பார்க்கச் சொன்னார்கள், பார்க்க முடியாது என்று வெளியே வந்தோம். முந்தின நாள் ஆலைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாளை இரண்டு மணிச் சங்குக்குக் கதவு திறக்கும், உள்ளே வருகிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்கள் இனி வரவே வேண்டாம். எல்லார் வீட்டிலும் அடுப்பு தயங்கித் தயங்கித்தான் எரிந்துகொண்டிருந்தது. குருவி கதவுக்கு எதிரே வந்து நின்றால் ஒருத்தரும் உள்ளே போக மாட்டார்கள். அவள் இல்லாவிட்டால் முதலில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு போவார், பின்னாலேயே நூறு பேர் போவார்கள். போலீசுக்கும் இது தெரியும். அவர்களுக்கு அவளை ஜெயிலில் போடும் ஆசையெல்லாம் இல்லை. இரண்டு மணி தாண்டும்வரை எங்காவது ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும்.

என் அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அக்கா புருஷன் அதே ஆலையில் மேற்பார்வையாளர். விளக்குக்கு அடியில்தானே இருட்டு, அங்கே வந்து யார் தேடப்போகிறார்கள்? அத்தானுக்கு விஷயம் தெரியாது. மேற்பார்வையாளர்கள் எல்லாரையும் சாயங்காலம்வரை ஆலைக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்கு வந்து என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள்.

"வெளியே பூட்டிட்டுப் போறேன். அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்றரைக்கு நானே வந்து திறக்கறேன். அதுக்குள்ள தும்மல் வந்தாக்கூட முழுங்கிடு."

"அத்தானுக்குத் தெரிஞ்சா?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"தெரிஞ்சா எனக்குப் புருஷன் இருக்க மாட்டார், உனக்கு அக்கா இருக்க மாட்டா. வேற என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேடிக்கையாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காவலுக்கு ஒரு அரைச் செவிடியை வைத்த கூத்தை நான் முந்தின நாளே குருவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "காது கேக்கறவங்க எலி ஓடினாலும் எழுப்புவாங்கடி. நிஜமா யாராவது வந்தாத்தான் நீ எழுப்புவே" என்றாள் கையால். காது போனவர்கள் வேறு வழி வைத்திருப்போம். கதவின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். மரப்படிக்கட்டில் யார் ஏறினாலும் அது கதவுச் சட்டத்துக்கு வரும், கதவிலிருந்து கைக்கு வரும். தறி கோளாறாக ஓடினால் நாங்கள் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கைக்குத்தான் தெரியும், அதே வித்தை.

கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலைக் கதவுக்கு எதிரே பெட்டி மேல் ஏறி நிற்கும்போது அவளை அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டேன். இப்போது பார்த்தால் கட்டிலில் பாதிக்குமேல் காலியாக இருக்கிறது. உதடு வெடித்திருந்தது. செருப்பு ஒன்றின் வார் அறுந்து, அதை நூலால் கட்டியிருந்தாள், நெசவாளி முடிச்சு. இவ்வளவு சின்ன ஆள் மேலா நாங்கள் முந்நூறு பேர் சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தூங்கட்டும், ஒன்றரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாள் முழுக்கத் தூங்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி விட்டால் அவள் கண் விழித்ததும் என் முகத்தில் முழிப்பாளா?

பதினொன்றரை இருக்கும், அவள் கை அசைந்தது.

முதலில் ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கை பேசுகிறது. கண் மூடியிருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்து கிடக்கிறது, வலது கை மட்டும் நெஞ்சுக்கு மேலே எழும்பி முழங்காலைத் தட்டுவது மாதிரி காற்றில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. முழங்கால்காரி. முதல் வரிசை, முதல் தறி. அடுத்தது காதில் சுண்டுவிரல், வளையக்காரர். முதல் வரிசை, இரண்டாவது தறி. எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் காலையில் ஆலைக்கு எதிரே செய்வதைத் தூக்கத்திலும் செய்துகொண்டிருந்தாள். தறி வரிசைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். இருக்கிறவர்கள் பக்கத்துச் சுவரையோ விளக்குக் கம்பத்தையோ இரண்டு தட்டு தட்டுவார்கள். ஆலைக்குள் தறிச் சட்டத்தைத் தட்டினால் 'இருக்கிறேன்' என்று அர்த்தம், அந்தப் பழக்கம். தட்டு வராவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவாள். அதற்கும் வராவிட்டால் அன்று மத்தியானமே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள்.

பெயரோடு நிற்கவில்லை. தாடிக்காரர், குழந்தைக்குக் காய்ச்சல், கேட்கணும். ஊசி, தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போச்சு, அழுதா. நெட்டை, பயந்துட்டான், கூடவே நிக்கணும். எனக்குப் பக்கத்துத் தறியில் பத்து வருஷமாக நிற்கும் நெட்டை பயந்திருப்பது எனக்கே தெரியாது. மூன்றாவது வரிசையில் இருமல்காரி பெயர் வந்தது. இருமல்காரி செத்து இரண்டு வருஷமாகிறது. குருவியின் கை அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, பதில் கேட்டவள் மாதிரி அடுத்த தறிக்குப் போனது. இந்த ஆலையில் என்றைக்காவது நின்றவர்கள் யாரையும் அவள் விடவில்லை. நாலாவது வரிசையில் மூக்கைக் கிள்ளினாள். நான் என்னை அறியாமல் தரையை இரண்டு தட்டு தட்டினேன். என்னைப் பற்றி அவள் சொன்னது இரண்டே வார்த்தை: தூங்கவே மாட்டா.

நான் அழுதேன். அழுததில் ஒரு தப்பு செய்துவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

திரும்ப வைத்தபோது யாரோ படி முழுசாக ஏறி முடித்திருந்தார்கள். பூட்டில் சாவி திரும்புவது உள்ளங்கையில் குத்தியது. மணி ஒன்றுகூட ஆகவில்லை, அக்காவாக இருக்க வழியில்லை. எழுவதற்குள் கதவு திறந்தது. அத்தான்.

முதலாளி வருகிறாராம், நல்ல கோட்டு எடுக்க வந்திருக்கிறார். இது பிறகு தெரிந்தது. கோட்டு அந்த அறை அலமாரியில்தான் இருந்தது, அக்கா அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அத்தானும் எட்டு வருஷம் தறியில் நின்றவர்தான், அவர் ரகசியமும் தெருமுனைவரை போகும். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, பாய்ந்து அவர் வாயைக் கையால் பொத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முகத்துக்கு நேரே நின்றுகூடப் பேசாத மனிதர். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவர் மீசை என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

என் கையை மெதுவாக விலக்கினார். பதினைந்து வருஷமாகப் பேசாத கையால், திக்கித் திக்கிப் பேசினார்.

"தெருவுல போலீஸ் வீடு வீடாப் பாக்கறாங்க. என் வேலை போச்சு, தெரியுதா?"

"தெரியுது அத்தான்."

"உங்க அக்காவுமா?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதுவே பதில். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், பயம்தான் இருந்தது. பயந்த மனிதர் எதுவும் செய்வார். கதவைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லாம் முடிந்தது. முந்நூறு வீடு.

அப்போது அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. குருவி ஆறாவது வரிசைக்கு வந்திருந்தாள். முதல் தறி, இரண்டாவது தறி. மூன்றாவது தறிக்கு அவள் நாலு விரலையும் விரித்து நெற்றியிலிருந்து பின்னால் இழுத்தாள்.

சீப்பு.

தறியில் நின்ற காலத்தில் அத்தானுக்கு அந்தப் பெயர். பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பார். இன்றைக்குத் தலை பளபளவென்று இருக்கிறது, அது வேறு கதை. மேற்பார்வையாளராகிக் கண்ணாடி அறைக்குள் போன நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டுவோம், 'வர்றார், ஜாக்கிரதை' என்று அர்த்தம்.

குருவியின் கை காத்திருந்தது. பதில் வரவில்லை. மறுபடியும் நாலு விரல் நெற்றியிலிருந்து பின்னால் போனது. சீப்பு.

அத்தான் அசையவில்லை. அவருடைய வலது கை மட்டும் கதவுச் சட்டத்தை நோக்கிக் கொஞ்சம் எழும்பியது, பாதியில் நின்றது, சட்டைப் பைக்குள் போய்விட்டது. குருவியின் விரல்கள் சுருங்கி நெஞ்சின் மேல் விழுந்தன. என்னைப் பார்க்காமலேயே அத்தான் குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே போனார். பூட்டு திரும்பியது. கோட்டு அலமாரியில் அப்படியே தொங்கியது.

கதவில் கையை வைத்தேன். வெறுங்கால்கள் படியிறங்கின. ஆறு படி, ஏழு படி, நின்றன. போலீசிடம் போகிறாரா, ஆலைக்கா, அக்காவிடமா? கடவுளே, எங்கே போகிறார் என்று மட்டும் சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கால்கள் திரும்பி மேலே வந்தன. கதவுக்கடியில் ஏதோ நகர்ந்து என் முழங்காலைத் தொட்டது. சாவி. பிறகு கதவு லேசாக உள்பக்கம் அழுந்தியது. வெளியே அவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மூச்சு விடுவது பலகை வழியாக என் கைக்கு வந்தது.

ஒன்றேகால் இருக்கும், பூட்ஸ்கள் ஏறின. மூன்று ஜோடி. கதவு விடுபட்டது, அவர் எழுந்துவிட்டார். பலகை அதிர்ந்தது, அவர் பேசுகிறார், தன் பெரிய குரலில் பேசுகிறார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இந்த ஜன்மத்தில் காது இல்லையே என்று நான் ஏங்கியது அந்த இரண்டு நிமிஷம்தான். குருவி புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்புறம் பூட்ஸ்கள் இறங்கின, ஒரு ஜோடி, இரண்டு, மூன்று. கதவு மறுபடி அழுந்தியது. கொஞ்ச நேரம் கழித்து, என் உள்ளங்கைக்கு நேர் மறுபக்கம், இரண்டு தட்டு.

மணி ஒன்றரை. தறியில் நிற்பவளைத் தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது, கை பதறி நூலுக்குள் போய்விடும். அதனால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத்தான் தட்டினேன். கண் விழிப்பதற்கு முன்னால் அவள் கை விழித்துக்கொண்டது. காற்றில் எழும்பி, உள்ளங்கையை விரித்துக் கேட்டது: யார் வரல்லே?

நான் அந்தக் கையைப் பிடித்து, அவளுடைய நாலு விரலையும் விரித்து, அவள் நெற்றியிலிருந்து மெதுவாகப் பின்னால் இழுத்தேன். பிறகு அதே கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினேன். மூடிய இமைகளுக்குக் கீழே அவள் கண்கள் அசைந்தன.