சின்னது பாப்பாவுக்கு

பேட்ரிசியா டீச்சர் வகுப்பெடுக்கும் நாளில் அவள் வீட்டுச் சமையல்கட்டு பாதி காலியாகிவிடும். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் வாண்டுகளுக்கு முன்னால் குடம், சொம்பு, டம்ளர் எல்லாம் வந்து உட்காரும். கடைசியில் அண்ணனின் பழைய கோட்டுப் பொத்தான் ஒன்று. பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக அடுக்க வேண்டும். நாலு வயசுப் பிள்ளைகளுக்கு அளவு எங்கே பிடிபடுகிறது? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பெரிசு அப்பாவுக்கு, நடுவுல இருக்கிறது அம்மாவுக்கு, சின்னது பாப்பாவுக்கு!"

பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொண்டன. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மதியச் சங்கு ஊதியதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சாமான்களைக் கூடையில் எடுத்து வைத்தாள். பொத்தானைக் காணோம். பாயை உதறினாள், சொம்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். போனால் போகிறது என்று நிமிர்ந்தபோதுதான், கிளம்பும்போது லூர்துராணி கேட்டது ஞாபகம் வந்தது.

"டீச்சர், இது எங்க பாப்பாவுக்கா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமாண்டி கண்ணு, சின்னது பாப்பாவுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள் பாவி.

லூர்துராணியின் தம்பிக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற வயது.

பேட்ரிசியா கூடையை அப்படியே போட்டாள். செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். கடைசி வரிசை வீடு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த லூர்துராணியின் அம்மா வியாகுலம்மாள், "என்னங்க டீச்சர், என்ன ஆச்சு?" என்று குடத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

உள்ளே தூளி ஆடாமல் தொங்கியது, பக்கத்தில் லூர்துராணி. சத்தமே இல்லை.

"மாதாவே, காப்பாத்து!"

பேட்ரிசியா பிள்ளையை வாரி எடுத்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. விரலை விட்டு வழித்தாள். எச்சிலோடு பொத்தான் தரையில் விழுந்தது. பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

வியாகுலம்மாள் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். "சனியனே, நீயாடி கொடுத்த?"

"டீச்சர்தாம்மா சொன்னாங்க!"

"அடிக்காதீங்க" என்று பேட்ரிசியா குறுக்கே விழுந்தாள். "நான்தாங்க சொன்னேன்." பிறகு லூர்துராணியின் முன்னால் குந்தினாள். "கண்ணு, டீச்சர் தப்பா சொல்லிட்டேன். சின்னது பாப்பாவுக்கு இல்ல. இனிமே சின்னதெல்லாம் டீச்சருக்குத்தான். சரியா?"

லூர்துராணி தலையாட்டினாள். தூளிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இதுவும் உங்களுக்கா, டீச்சர்?"