லெஷெக்கிடம் போய் நிற்கும் வரி

அன்று காலை க்தான்ஸ்க் அலுவலகத்தின் சிறிய கூட்ட அறையில் நால்வர் இருந்தோம். ரோமுவால்ட் ரெட்லிட்ஸ்கி ஆகிய நான். காலமான என் தம்பி லெஷெக்கின் மகள் யாகோதா. நெட்வொர்க் கார்டை இயக்கும் எங்கள் டிரைவர் நிரலுக்குப் பொறுப்பாளர் இரெனெயுஷ். சோதனைகள் செய்யும் ஹால்ஷ்கா. வேறு யாரும் இல்லை.

அந்தக் கார்டில் அதன் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், தங்கியிருக்கும் நினைவகம் ஒன்று உண்டு. கேபிள் செருகும் இரண்டு போர்ட்டுகளுக்கும் அது பொது, அதனால் ஒன்று தொடும்போது மற்றது தொடாதபடி பூட்ட வேண்டும். லெஷெக் எழுதிய நிரல் அதைப் பூட்டி, முழுவதையும் படித்து முடித்த பிறகே திறக்கும். அவன் காலத்து நினைவகம் சிறியது, அதனால் சிக்கல் இல்லை. இப்போதையது பெரியது. பாதி படிப்பதற்குள் நேரம் முடிந்து, கார்டே பூட்டைப் பறித்துக்கொள்ளும். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பூட்டித் திறக்கும்படி யாகோதா மாற்றியிருந்தாள். அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, மாற்றத்தோடு அவள் எழுதிய குறிப்பின் கடைசி வரியில். ஒரு பிழையைத் திருத்தினால், அதைக் கொண்டுவந்த பழைய மாற்றம் எது என்று குறிப்பது எங்கள் வழக்கம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனால் லெஷெக்கின் பெயரில் போய் நிற்கும். யாரும் பார்க்கும்படி பொதுவெளியில் இருக்கும் நிரல் அது; உலகம் முழுக்கப் படிக்கும், என்றைக்கும் அழியாது.

வரியை எடுத்துவிட்டு, மேம்பாடு என்று மட்டும் அனுப்பச் சொன்னேன்.

"வரி இல்லன்னா பழைய பதிப்புகளுக்கு இது போகாது பெரியப்பா. பழைய பதிப்புகளப் பாத்துக்கறவங்க அத வச்சுத்தான் எடுத்துக்கறாங்க."

"உங்கப்பன் பண்ணது பிழைன்னு நீயே எழுதுவியா?"

"அப்பா இருந்திருந்தா அவரே எழுதியிருப்பாரு."

ஹால்ஷ்கா காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "பூட்டப் பிடிச்சா விடாதது அந்த நிரல் மட்டும்னு நெனச்சேன். குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் போல."

யாரும் சிரிக்கவில்லை. இது உங்கள் வீட்டு விஷயம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று இரெனெயுஷ் ஒதுங்கிக்கொண்டான். யாகோதா என் கண்ணெதிரே வரியை அழித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, க்தினியாவில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் அறுபது கணினிகள் எங்கள் டிரைவரின் பழைய பதிப்போடு மாட்டிக்கொண்டன. கார்டுகள் அடிக்கடி உறைந்துபோயின. அதற்கு மருந்தான புதிய ஃபர்ம்வேரை ஏற்ற முயன்றபோதெல்லாம் அது பாதியிலேயே நின்றது. அந்தக் கணினிகளை நம்பியிருந்த கிரேன்கள் துறைமுகத்தில் மூன்று நாள் சும்மா நின்றன. யாரோ தோண்டிப் பார்த்து, நிரலாளர்கள் எல்லாரும் படிக்கும் பொது மின்னஞ்சல் பட்டியலில் எழுதினார்கள்: ஒரு ரெட்லிட்ஸ்கி பிழையை வைத்தார், இன்னொரு ரெட்லிட்ஸ்கி அதை மேம்பாடு என்று பூசி மெழுகினார்.

பழைய பதிப்புகளுக்கான திருத்தத்தை இரெனெயுஷ் அந்த வரியோடு அனுப்பினான். லெஷெக்கின் பெயர் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது, மகளின் பெயரையும் இழுத்துக்கொண்டு.

யாகோதா வேறு குழுவுக்குப் போய்விட்டாள். உணவுக்கூடத்தில் எதிர்ப்பட்டால், "வணக்கம், ரெட்லிட்ஸ்கி சார்" என்கிறாள்.

அப்பாவின் பிழையை மறைக்க அவளே அந்த வரியை விட்டுவிட்டாள் என்று இன்றும் பேசுகிறார்கள். அது பொய். அவள் எழுதியிருந்தாள். எடுக்க வைத்தவன் நான்.