சுவர் நிறையக் கண்ணாடி

வெர்லினிடம் முப்பத்தொரு போர்ப் படங்கள் இருந்தன. எல்லாம் ஓவியர் கையெழுத்தும் வரிசை எண்ணும் போட்ட அச்சுப் பிரதிகள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக் குதிரைகள், நார்மண்டிக் கடற்கரை, கொரியப் பனியில் பின்வாங்கும் வீரர்கள். சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம், அத்தனை தத்ரூபம். "பொணத்தப் பாத்துக்கிட்டே என்னால சாப்பிட முடியாது" என்று மனைவி லொரெட்டா கறாராகச் சொல்லிவிட்டதால், அத்தனையும் கண்ணாடிச் சட்டம் போட்டு நிலவறைச் சுவர்களில் தொங்கின.

மே மாதத்தில் ஒருநாள் மாலை நாலரைக்கு ஊரின் சுழற்காற்று எச்சரிக்கைச் சங்கு அலறியது. அமெரிக்காவின் கேன்சஸில் அந்தச் சத்தம் கேட்டபின் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். சுழற்காற்று தங்கள் சாலைப் பக்கமே திரும்பியிருப்பதாக வானொலி சொன்னது. லொரெட்டா டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். நாலு பக்கமும் கண்ணாடி.

"இதெல்லாம் ஒடஞ்சு பறந்தா நம்ம கதி என்ன?"

"கழட்டிடறேன். நீ படிக்கட்டுக்கு அடியில போய் உக்காரு."

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கம்பளியில் கவிழ்த்து வைத்தார்.

"அழகு பாக்குற நேரமா இது? தூக்கிப் போடு."

"சும்மா இரு லொரெட்டா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

காது அடைத்தது. தலைக்கு மேல் மரச்சட்டங்களில் ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டன. கடைசியாக மிஞ்சியது கொரியப் படம். அந்தப் போரில் சண்டையிட்ட நான்கு பேர் பென்சிலில் கையெழுத்திட்டது. அதை மார்போடு அணைத்தபடி நடு அறையில் நின்றுவிட்டார். காற்றைவிட அவர் அப்படி நின்றதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"விட்டுட்டு வா."

அவர் அசையவில்லை.

லொரெட்டா தவழ்ந்து போய் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். சுவரின் உச்சியிலிருந்த சிறு சன்னல் வெடித்தது. படம் தரையில் விழுந்து சிதறியது. அவரைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள்.

ஓசை ஓய்ந்தபோது சமையலறை இருந்த இடத்திலிருந்து மழை நேராகப் படியில் விழுந்தது. அவள் தோளில் ரத்தம். வெர்லின் அவள் தலைமுடியிலிருந்து கண்ணாடித் துணுக்குகளைப் பொறுக்கினார்.

"அந்தப் படத்துக்காக உயிர விடப் பாத்தியே" என்றாள்.

"படத்துக்காக இல்ல, லொரெட்டா." இன்னொரு துணுக்கை எடுத்துக் கீழே போட்டார். "கால் வரல. பயத்துல காலே வரல."

லொரெட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.