தாரோவாவின் தூது

மேற்கே கதிரவன் செம்மண் நிறங்கொண்டு சாய, கிழக்கே சித்திரை முழுநிலவு கோபுரங்களின் தோளருகே எட்டிப் பார்க்க, இரண்டிற்கும் நடுவே அண்ணாமலை அமைதியாய் வீற்றிருந்த அந்தியில், செங்கம் சாலையெங்கும் வெறுங்கால்கள் விரைந்துகொண்டிருந்தன. அன்புடையீர், அம்மக்கள் வெள்ளத்தின் ஓரத்திலேயே, விளக்கும் தோரணமும் பூண்ட ஓர் அரங்கம் பார்ப்பாரின்றி நின்றதை என்னென்று சொல்வேன்!

தாரோவா என்னும் சின்னஞ்சிறு தீவுநாட்டிற்காக எழுந்த அரங்கம் அது. படையும் இல்லை, பொன் விளையும் சுரங்கமும் இல்லை; பாட்டும் கூத்துமே அந்நாட்டின் செல்வம். அவற்றையே முன்னிறுத்தி நம் நாட்டின் நட்பைப் பெற வந்திருந்தார், சென்னையில் தமிழ் கற்ற தூதர் லெயானா. நட்புடன்படிக்கைக்குப் பரிந்துரைப்பதா வேண்டாவா என முடிவுசெய்யத் தில்லியிலிருந்து வந்த அலுவலர் சக்கரபாணி, முன்வரிசையில் தனியராய் அமர்ந்திருந்தார். மக்கள் மனத்தில் இடம்பெறாத நட்பு தாளில் நிலைக்காது என்பது அவர் கொள்கை. அந்த வெற்று நாற்காலிகளையே லெயானா மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாள் குறித்தவர் கலைமன்றச் செயலர் அருணகிரி. முழுநிலவன்று ஊர் கொள்ளாத கூட்டம் வருமென்று மகிழ்ந்தவர், அக்கூட்டம் மலைசுற்ற வருமேயன்றி உட்கார வராது என்பதை மறந்துபோனார். இத்தனைக்கும் மனிதர் பிறந்து வளர்ந்தது இவ்வூரில்தான்!

“இவங்க நிக்கமாட்டாங்கம்மா. சுத்த ஆரம்பிச்சா நடந்துகினேதான் இருப்பாங்க,” என்றார் அவர், தலையைச் சொறிந்தபடி.

லெயானாவின் முகம் மலர்ந்தது. மீன்பிடிக்கும் பருவம் தொடங்குமுன் படகைத் தோளில் சுமந்து, தீவின் கரையைப் பாடிச் சுற்றிவருவதே தாரோவா மக்களின் தொல்கூத்து. அரங்கிற்காக அதைச் சுருக்கி, உடன்வந்த கூத்தரை நின்றபடி ஆடவைத்திருந்தார்கள்.

“நடப்பவர்க்கு நடந்தே ஆடுவோம்,” என்று சொல்லிக் காலணியைக் கழற்றினார் அவர்.

வண்ணப்படகு தோளேற, பறைகள் அதிர, கூத்தர் சாலையில் இறங்கினர். நடந்தோர் நிற்கவில்லை, நடந்தபடியே கைதட்டினர். பாட்டின் ஈற்றடியைச் சிறுவர் முதலில் பிடித்துக்கொள்ள, பெரியோர் வெட்கம் விட்டுத் தொடர்ந்தனர். படகுக்குத் தோள் கொடுக்க உழவர் போட்டியிட்டனர். தனித்திருந்த சக்கரபாணியும், யாரும் பார்க்கவில்லையென்று உறுதிசெய்துகொண்டு, காலணியை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு ஓடிவந்து சேர்ந்தார்.

அடி அண்ணாமலையில் மோர் விற்கும் பாஞ்சாலை, பறையடித்தவர்களுக்கு வார்த்துக் கொடுத்துவிட்டு லெயானாவைக் கேட்டாள்: “உங்க நாடு எம்மாம் பெருசும்மா?”

தூதர் மலையைக் கைகாட்டினார். “மிகச் சிறிது அம்மா. இம்மலையை ஒருமுறை சுற்றும் தொலைவுதான் எங்கள் கரை முழுதும்.”

“அப்ப, பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்க நாட்டத்தான் சுத்தி வர்றோம்னு சொல்லுங்க.”

லெயானாவின் கண்கள் நிறைந்தன. அருகே மோர்க் குவளையோடு நின்ற சக்கரபாணி, “இதற்குமேல் நான் என்ன பரிந்துரைப்பது? உடன்படிக்கை எழுதச் சொல்லிவிடுகிறேன்,” என்றார்.

பெருநாடுகள் கடல்மேல் கலம் நிறுத்தித் தேடும் மதிப்பை, ஒரு சிறுநாடு அன்று வெறுங்காலால் நடந்து பெற்றது. மறுநாள் லெயானாவின் பாதமெங்கும் கொப்புளங்கள். அவற்றைத் தம் நாட்டாருக்குக் காட்ட வேண்டுமென்று, ஆறுமுன்னே ஊர் திரும்ப விரைந்தார் அவர்.