நாலு அடுக்கு

ஏழு மணிக்கு ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. எட்டுக்குச் சுள்ளென்று வெயில். மத்தியானம் மழை வரலாம், வராமலும் போகலாம். இந்த வானத்தை நம்பிக் குழந்தைக்கு உடுப்பு போடுவது அவளுக்குத் தினமும் ஒரு பரீட்சைதான். போன குளிர்காலத்தில் மகள் சுண்டு நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் தொப்பி வைத்த கோட்டு.

"குழந்தையா, முட்டைக்கோஸா?" என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷோடு.

"எச்சில் தெறிக்குது. அந்தப் பக்கம் போங்க."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிறவள் அவள். வேலை பழகிவிட்டது, மூக்கு பழகவில்லை. முந்தின நாள் மாலை குழந்தைகள் காப்பகத்தில் சுண்டு வேறொரு பிள்ளையின் ஸ்வெட்டரில் வந்து நின்றாள். அதன் கைநுனியில் மூக்குச்சளி காய்ந்து, நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கியது. கழுத்தில் புளித்த பால் வாடை. வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டு விரலால் உரித்துக் குப்பையில் போட்டாள். பிள்ளையை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேருந்து அம்மா வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் எதையும் கழட்டக் கூடாது. தெரிஞ்சுதா?"

இன்று இயந்திரம் பழுதாகி மூன்று மணிக்கே வேலை விட்டது. காப்பகத்தின் கதவைத் திறந்ததுமே, கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஹீட்டர் எரியும் அறையின் மூலையில், கோட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி சுண்டு. முகம் வெந்து சிவந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஜிப்பை இறக்கினாள். கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வாந்தி, வெதுவெதுப்பாக. அதற்குள்ளே வியர்வையில் ஊறிய சட்டை, பனியன்.

"வாந்திய மறைக்கத்தான் மேல கோட்ட போட்டு மூடி வச்சீங்களா? மனுஷங்கதானா நீங்க? த்தூ!"

காப்பகத்துக்காரி தன் முழங்கையை நீட்டினாள். குட்டிப் பற்களின் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது.

"மூணு தடவ கழட்டப் போனேன் பாப்பாம்மா. உங்களுக்கும் போன் அடிச்சுப் பாத்தேன்."

வேலை முடியும்வரை போன் சலவைக்கூடத்துப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது; எடுத்துப் பையில் போட்டவள் பார்க்கவில்லை.

"நான் கழட்டவே இல்லம்மா," என்றாள் சுண்டு. பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. போன வருஷம் கேட்ட அதே அடிநெஞ்சு இருமல்.

கையுறை இல்லாமல் அவள் நாலு அடுக்கையும் ஒவ்வொன்றாக உரித்தாள்.

வெளியே வெளிச்சம் சட்டென்று அணைந்து, தகரக் கூரையில் மழை விழுந்தது. காப்பகத்துக்காரி அலமாரியைக் குடைந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்தாள்.

"இது ஒண்ணுதான் காஞ்சிருக்கு."

யாருடையதோ. கைநுனியில் அதே மினுக்கம். சுண்டு நடுங்கிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"போடலாமாம்மா?"