ஏழாம் எண் உறுப்பினரின் தீர்ப்பு

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் வாசலைப் பெருக்கினேன், பால் வாங்கி வந்தேன், காய்ச்சினேன். இரவுப் பாத்திரம் இரண்டு கிடந்தன. கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. இருந்தாலும் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ராகிக் கூழ் காய்ச்சிக் குடித்தேன். மணி ஏழே கால். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எட்டரை வரை அப்படியே உட்கார்ந்திருந்தது, வெளியே குப்புராஜின் வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது.

குப்புராஜ் பென்னாகரத்தில் புளி மண்டி வைத்திருக்கிறார். எடையிலி ரசிகர் மன்றத்தின் தலைவர். வண்டியின் பின்னால் மன்றத்தின் துணைத்தலைவர் மாரியப்பன் இருந்தார். மினி பஸ் கண்டக்டர். இரண்டு பேருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. அதனால் மாரியப்பன் வண்டியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடந்துபோன சாலையைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

"சார், வண்டிய நிழல்ல போடச் சொல்லுங்க உங்க தலைவர," என்றார் மாரியப்பன்.

தலைவர் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"நிழல் எங்க இருக்குதுன்னு அவரையே காட்டச் சொல்லுங்க சார்," என்றார் குப்புராஜ்.

நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

என் மனைவி யுவராணி இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்தாள். மன்றத்தில் ஏழாம் எண் உறுப்பினர். மன்றத்தின் விதிகளைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். பாதி விதிகளை இயற்றியவளும் அவள்தான். நான் உறுப்பினர் இல்லை. உறுப்பினரின் கணவர்.

எடையிலி என்பது ஒரு சினிமா வீரன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவன் தொட்ட பொருளுக்கு எடை இல்லாமல் போய்விடும். முதல் பாகம் வந்து நான்கு வருடம் ஆயிற்று. யுவராணி அதை ஏழு முறை பார்த்தாள். இரண்டாம் பாகம் இப்போது தருமபுரியில் ஓடுகிறது. முதல் பாகத்துக்கு அது ஈடாகுமா என்பதுதான் மன்றத்தின் முன் இருக்கும் வழக்கு.

படம் தியேட்டரை விட்டுப் போவதற்குள் தீர்ப்பு வர வேண்டும் என்பது விதி. இறந்ததற்கு மறுநாளே தீர்ப்பு நாளாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஒத்திவைத்தார்கள். அதற்காக ஒரு தீர்மானம் போட்டு, எனக்கு நகல் கொடுத்தார்கள். வரும் வியாழக்கிழமை படம் மாறுகிறது.

"இன்னிக்கு ஓட்டுப் போட்டுட்டமுங்க சார்," என்றார் குப்புராஜ். "இருவத்திரண்டு பேரு. பதினொண்ணுக்குப் பதினொண்ணு."

"காலைல ஆறு மணிக்கே கூடிட்டம்," என்றார் மாரியப்பன். "எனக்கு பத்தரைக்கு டிரிப்பு இருக்குது."

"இன்னும் ஒரு ஓட்டு யுவராணியோடதுங்க. அது இல்லாம முடிக்க முடியாது. அது இல்லீன்னா ஒன்பதாம் விதி இருக்குது." குப்புராஜ் தரையைப் பார்த்தார். "தீர்ப்புச் சொல்லாத உறுப்பினர் பேர எடுத்துடணும்."

"அவள் இறந்துவிட்டாளே."

"செத்தவங்களுக்குன்னு தனி விதி இல்லீங்க சார்," என்றார் மாரியப்பன். "யுவராணி அத டைப் பண்ணல."

ரேஷன் அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்க மனு கொடுத்துவிட்டேன். வங்கியில் கொடுத்துவிட்டேன். ஆபீசில் வருகைப் பதிவேட்டில் அவர்களாகவே கோடு போட்டுவிட்டார்கள். மனு கொடுத்த இடத்தில் எல்லாம் நானே கையெழுத்துப் போட்டேன். மன்றப் பதிவேட்டில் மட்டும்தான் அவள் இன்னும் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே இருக்கட்டும் என்று தோன்றியது. இருபத்திரண்டு நாளில் எனக்குத் தோன்றிய முதல் விஷயம் அது.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டிக்குள் புளி மூட்டைகள் மேல் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் முதல் பாகத்துக்காரர்கள், வலப்பக்கம் இரண்டாம் பாகத்துக்காரர்கள். நடுவில் உத்தரத்திலிருந்து பெரிய தட்டுத் தராசு தொங்கியது. எடையில்லாத வீரனுக்கு எடை போட்டுத்தான் தீர்ப்பு என்பது மன்றத்தின் வழக்கம். ஆளுக்கு ஒரு கிலோ உப்புப் பாக்கெட் கொண்டுவர வேண்டும். தன் தீர்ப்பை உப்பைத் தொட்டுச் சொல்லி, அந்தப் பாகத்தின் தட்டில் வைக்க வேண்டும். உப்பைத் தொட்டுச் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியாது. அதற்குப் பயந்து சிலர் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு வருவார்கள்.

சுவரில் யுவராணியின் ஃப்ளெக்ஸ் இருந்தது. நான்கடிக்கு மூன்றடி. படத்துக்குக் கீழே, "கடைசி மூச்சிலும் அம்மாவைப் பாத்துக்கங்க என்று சொல்லிச் சென்ற தங்கமே" என்று போட்டிருந்தார்கள்.

அதை அன்று அவள் அம்மாவிடம் நான் சொன்னேன். அவருக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. மறுநாள் அது அச்சில் வந்துவிட்டது.

செயலாளர் அன்பரசி மேசையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். இ-சேவை மையம் நடத்துகிறவள். ரேஷன் மனுவையும் அவள்தான் ஏற்றினாள்.

"வாங்கண்ணா. உக்காருங்க. ஒரு சின்னச் சிக்கல், சரி பண்ணிட்டு ஆரம்பிச்சிடலாம்."

இடத் தட்டில் ஒரு பாக்கெட் ஓட்டை. நாங்கள் வருவதற்குள் உப்பு மெதுவாகக் கொட்டி, முதல் பாகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தார் சத்தம் போடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பாத்துக்கிட்டே இருந்தீங்களாடா," என்றார் குப்புராஜ்.

"இயற்கையா நடக்கறத நாம எதுக்குத் தடுக்கணும்னு சொல்லுங்க சார்," என்றார் மாரியப்பன் என்னிடம்.

அன்பரசி முறத்தால் உப்பை வாரித் தட்டில் போட்டாள். மண்ணும் சேர்ந்து வந்தது. இப்போது முதல் பாகம் கீழே இறங்கியது. வலப்பக்கத்தார் எழுந்துவிட்டார்கள். மண் ஓட்டுப் போடலாமா என்று கேட்டார்கள். சல்லடை கொண்டுவந்து சலித்தார்கள். முள் நடுவுக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிறகு குப்புராஜ் தன் வாதத்தை எனக்காக ஒருமுறை சுருக்கிச் சொன்னார்.

"மொத பாகத்துல லோடு எட போடற எடமேடைக்காரன் வெவசாயிய ஏமாத்தறான். இவன் போய்க் கேக்கறான். அதுல ஒரு ஞாயம் இருக்குது. ரெண்டாம் பாகத்துல ராக்கெட்ல ஏத்தி மேல உட்டுட்டாங்க. அங்க எல்லாருந்தான் மெதக்கறான். வில்லன் மெதக்கறான், வில்லனோட டிபன் பாக்ஸ் மெதக்குது. இவனுக்கு அங்க என்னங்க வேல?"

"மொத பாகத்துல லாரியத் தூக்குனான், இதுல நெலாவத் தூக்கறான்," என்றார் மாரியப்பன். "எது பெருசுன்னு ஃபிசிக்ஸ் வாத்தியார் இருக்கறாரு. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நிலா," என்றேன்.

"லோடு லாரிங்களா, காலி லாரிங்களா?" என்று இடப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"எப்படியும் நிலாதான்."

"அத எழுதாதம்மா," என்றார் குப்புராஜ் அன்பரசியிடம்.

பிறகு என்னை விசாரித்தார்கள். யுவராணி என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. படம் பார்த்தபின் தீர்ப்பு நாள்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, கட்டினவர்களிடமும் கூடாது என்பது நான்காம் விதி. அதுவும் அவள் போட்டதுதான். வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி முடிந்து, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவந்தாள். ஆகவே மன்றம் அறிகுறிகளை வைத்து முடிவுக்கு வரப் பார்த்தது.

"ரெண்டாவது பாதியில ஃபோன எடுத்தாங்களா சார்?" என்று குப்புராஜ் கேட்டார்.

"ஒரு தடவை. மணி பார்த்தாள்."

"சலிப்பு. எழுதிக்கம்மா."

"கடைசி பஸ்ஸுக்கு மணி பாத்திருப்பாங்க," என்றார் மாரியப்பன். "தருமபுரில படம் பாக்கற பென்னாகரத்துக்காரன் மணி பாக்காம இருப்பானா? கண்டக்டர் நான் சொல்றன்."

"தூங்குனாங்களாண்ணா?" என்றாள் அன்பரசி.

"பத்து நிமிடம் என் தோளில் சாய்ந்திருந்தாள்."

"எந்த எடத்துல?"

"நிலா வந்தபோது."

அந்தச் சாய்வு தூக்கமா, ரசனையா என்று இரு தரப்பும் பத்து நிமிடம் பேசினார்கள். ஒருவர் தன் மனைவி ரசிக்கும்போது நிமிர்ந்துதான் உட்காருவாள் என்றார். இன்னொருவர், உன் பொண்டாட்டி உன் தோள்ல எதுக்குய்யா சாய்வா என்று கேட்டார். நானும் அந்தப் படத்தைப் பார்த்தவன்தான். நிலா இருந்தது நினைவிருக்கிறது. தோளில் அவள் தலை இருந்த கனம் நினைவிருக்கிறது. மற்றது இல்லை.

கடைசியில் அன்பரசி ஒரு உப்புப் பாக்கெட்டை என் கையில் கொடுத்தாள்.

"யுவராணிக்கா எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தோணுதோ, அங்க வெச்சிடுங்கண்ணா. போதும்."

நான் எழுந்து தராசுக்குப் போனேன். எந்தத் தட்டு என்பது எனக்குப் பொருட்டில்லை. வைத்தால் பெயர் இருக்கும். இடத் தட்டு பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினேன்.

"தொட்டுச் சொல்லிட்டு வைங்கண்ணா," என்றாள் அன்பரசி. "இது அக்கா சொன்னதுன்னு."

கை நின்றது. எதிரே ஃப்ளெக்ஸ் இருந்தது. அவள் சொல்லாத ஒன்று ஏற்கெனவே நான்கடிக்கு மூன்றடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாக்கெட்டை மேசையிலேயே வைத்தேன்.

"அவள் தீர்ப்புச் சொல்லவில்லை," என்றேன்.

அன்பரசி ஏழாம் எண் இருந்த பக்கத்தைத் திருப்பினாள். அடிக்கோலை எடுத்து வைத்தாள். ஆனால் கோடு போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனால் அவகாசம் கேட்டாள்," என்றேன்.

அன்பரசி அடிக்கோலை எடுத்துவிட்டாள். விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒன்பதாம் விதி, இரண்டாவது பத்தி. தீர்ப்புக்கு அவகாசம் கேட்ட உறுப்பினரின் பெயர், அவர் தீர்ப்புச் சொல்லும்வரை பதிவேட்டில் நீடிக்கும்."

"எத்தன நாளைக்கு?" என்றார் குப்புராஜ்.

"நாள் போடலீங்க தலைவரே."

"நாள் போடாம எப்புடி டைப் பண்ணாங்க?"

"நீங்கதான் போட வேண்டாம்னீங்க. உங்க மூல ஆபரேசனுக்கு நீங்க அவகாசம் கேட்டப்ப."

வலப்பக்கத்தில் சிரித்தார்கள். குப்புராஜ் சிரிக்கவில்லை. "அப்ப தீர்ப்பு?"

"நிலுவைல இருக்கும். அக்கா சொல்ற வரைக்கும்."

அதாவது முதல் பாகமா இரண்டாம் பாகமா என்பது இனி எந்தக் காலத்திலும் முடியாது. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது என்றே நினைக்கிறேன். தோற்கப் போவதில்லை, ஆயுள் முழுக்கப் பேசலாம்.

மாரியப்பன் மட்டும் ஃப்ளெக்ஸைக் காட்டினார். "கேட்டாங்கன்னு சொன்னாப் போதுமுங்களா? கடைசியா அம்மாவப் பத்தித்தான சொன்னாங்க. இதுல போட்டிருக்குதே."

"அது நான் சொன்னது," என்றேன். "அவள் சொல்லவில்லை."

குப்புராஜ் எழுந்தார். சுவரருகே போய், ஃப்ளெக்ஸின் கீழ் ஓரத்தை எழுத்து மறையும்படி மடித்தார். சணல் எடுத்து இரண்டு மூலையிலும் கட்டினார். படம் மட்டும் தெரிந்தது. ஒரு பக்கம் தொங்கியது.

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுய்யா," என்றார் மாரியப்பன், குப்புராஜிடமே.

குப்புராஜ் இழுத்துக் கட்டினார்.

அவகாசம் கேட்ட சொல்லை அப்படியே பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாம். உப்பைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். நடந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை காலை ஏழு மணி. அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். படம் எப்படி, எனக்கு மட்டும் சொல் என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டேன். அதற்கு ஒன்று சொன்னாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"அந்த ஒண்ணு என்னண்ணா?" என்றாள் அன்பரசி, பேனாவைத் திறந்துகொண்டு. "மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறன்."

மெதுவாகச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம சொல்றன். சும்மா தொணதொணக்காம போய்க் குளிங்க."